48 மணி நேரத்துக்குப் பிறகு யார்?

2021 டிசம்பரில் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்றொரு திட்டத்தைக் கொண்டு வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருக்கோ இல்லையோ, முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். தொடங்கியபோது ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். நல்ல திட்டம்தான். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிற சனங்களுக்கு அதன் அருமை தெரியும். திட்டத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என் கேள்வி 49ஆவது மணி நேரத்தைப் பற்றியது.

உயிரைக் காப்பாற்றியாச்சு. ஆபரேஷன் முடிஞ்சாச்சு. டிஸ்சார்ஜ் சீட்டும் எழுதியாச்சு. அப்புறம்? இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஒரு மனிதன் ஆம்புலன்சிலோ வாடகை வேனிலோ ஏற்றப்பட்டு, காலனியில் ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கப்படுகிறான். அன்றிலிருந்து அவனுக்கு டாக்டர் யார், நர்ஸ் யார், ஆயா யார்? பொண்டாட்டி. இல்லையென்றால் அம்மா. அவளும் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வந்த பெண்பிள்ளை.

இதை அரசாங்கம் ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்கிறது. நான் இதைக் கூலியில்லா வேலை என்று சொல்கிறேன். சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து சுமத்திய வேலை.

யாருடைய உடம்பு முதலில் உடைகிறது என்று பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தாழ்த்தப்பட்டோர். ஆனால் உப்பளத்தில், மூட்டை ஏற்றுகிற இடத்தில், சாக்கடை அடைப்பு எடுக்கிற இடத்தில் போய் நின்று எண்ணிப் பாருங்கள், அந்த ‘ஐந்தில் ஒருவர்’ கணக்கு அங்கே செல்லாது. அளத்தில் பாத்திக்குள் நின்று உப்பு வாருகிறவர்களுக்குக் காலில் ஆறாத வெடிப்பு. வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தில் கண் போகிறது. கடல் பக்கம் போனால் சங்குகுளி. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நின்றுபோனது, சங்கெடுக்க மூழ்குவது நிற்கவில்லை. கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக மாறும். அது தண்டுவடத்தைத் தாக்கினால் கால் இரண்டும் விழுந்துபோகும். பரவர், முஸ்லிம் உழைப்பாளிகள் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் இதே கட்டில், இதே கேள்விதான். இங்கே நாம் கை கோத்தாக வேண்டும்.

முத்துக்குளிப்புக் காலத்துச் செய்தி ஒன்று. வெள்ளைக்காரன் ஆட்சியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’களுக்கு அரசே கூலி கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை வைத்தா கொடுத்தான்? குளிகாரன் பயமில்லாமல் இறங்கினால்தான் சர்க்காருக்கு முத்து. உழைப்பாளி கடலில் இறங்குகிறவரைக்கும் செலவு செய்ய அதிகாரத்துக்கு மனசு வரும். கரையேறி முடங்கிவிட்டால் அவன் கணக்கில் இல்லை. இன்றைக்கு மந்திரத்துக்குப் பதில் காப்பீட்டு அட்டை வந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்குக் கொடுக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொடுக்கும். வீட்டில் கிடக்கிற கட்டிலுக்கு?

ஓர் உப்பளத் தொழிலாளி வீட்டில் நான் கேட்டதைச் சொல்கிறேன். லாரியில் மூட்டை ஏற்றும்போது சரிந்து விழுந்து தண்டுவடம் நொறுங்கியவர் அவர். அவருடைய மனைவி சொன்னது: “ஆஸ்பத்திரில நல்லாத்தான் பாத்தாக அண்ணே. வரும்போது ஒரு சீட்டு குடுத்தாக, அது இங்கிலீசுல இருக்கு. அந்த நர்சம்மா வெரசா என்னமோ சொன்னாக, பாதி வெளங்கல. திருப்பிக் கேட்டா ஏசுவாகளோன்னு கேக்கல. நான் அளத்துக்குப் போனா இவரத் திருப்பிப் போட ஆளில்ல. போவாட்டா அடுப்பு எரியாது.”

தண்டுவடம் அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் இடுப்பெலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் சிவக்கும். சிவப்பிலேயே பார்த்துவிட்டால் பிழைக்கலாம். விட்டுவிட்டால் புண்ணாகும், குழியாகும், எலும்பு வரைக்கும் போகும். மூத்திரக் குழாயைக் குறித்த நாளில் மாற்றாவிட்டால் கிருமி ஏறி சிறுநீரகம் கெடும். மூட்டுகளை அசைத்துக் கொடுக்காவிட்டால் மடங்கிப்போய் இறுகிவிடும். இப்படித்தான் நம் ஆட்கள் சாகிறார்கள். விபத்தில் அல்ல, விபத்து முடிந்து எட்டு மாதத்தில், ஒரு வருசத்தில், படுக்கைப்புண்ணில். ஊரில் ‘விதி’ என்று சொல்லி அடக்கம் செய்துவிடுவார்கள். விதியில்லை தோழர்களே. ஒரு ரப்பர் குழாயும், ஒரு தண்ணீர் மெத்தையும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இல்லாமல் போனதுதான் காரணம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். 2024இல் ஐ.நா.வின் விருதுகூடக் கிடைத்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு வலிநிவாரண நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். வாசலைத் தாண்டி அரசு வைத்தியம் உள்ளே வந்தது பெரிய விஷயம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் போடுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் 12 ஊராட்சி ஒன்றியங்கள், 403 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்றால் ஓர் ஆளுக்குச் சராசரி 33 ஊராட்சிக்கு மேல். ஓர் ஊராட்சிக்குள் ஊர், காலனி, கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளாத்திகுளம், புதூர் பக்கம் பஸ் எப்போது வரும் என்பதும் தெரியும். ஒரு ஊருக்குப் போனவர் திரும்ப எப்போது வருவார்?

அப்படியானால் மீதி நாளெல்லாம் யார்? அந்தத் தன்னார்வலர் பெண்தான். அவளுக்குக் கிடைப்பது சம்பளமில்லை, ‘ஊக்கத்தொகை’. தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய். தன்னார்வலர் என்று பேர் வைத்துவிட்டால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பேச முடியாது பாருங்கள்! அப்படிப்பட்ட ஒரு சகோதரி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “புண்ணத் தொறந்து பாத்தேன், எலும்பு தெரியுது. எனக்கு பிரசர் பாக்க, மாத்திர குடுக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்காக. இதுக்கு நான் யாருக்குப் போன் போட?”

யாருக்குப் போன் போட? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒற்றைக் கேள்விக்காகத்தான்.

அவளுக்குப் பின்னால் ஒரு சிறப்புக் குழு நிற்க வேண்டும். அவள் வேலையைப் பிடுங்கிக்கொள்கிற குழு அல்ல, அதிகாரம் பண்ண வருகிற குழுவும் அல்ல. போன் போட்டால் எடுக்கிற, கூட வந்து புண்ணைப் பார்க்கிற, எப்படிக் கட்டுவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற, ‘இது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கேஸ்’ என்று சொல்லிப் படுக்கைக்கு ஏற்பாடு பண்ணுகிற குழு. இது நடக்காத காரியமா? பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, அவர்களுக்குப் பின்னால் தெரபிஸ்டுகளை நிறுத்தியது. ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008இல் அரசுக் கொள்கையானது. அங்கே பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார், உள்ளூர் ஆட்கள் கூட வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் டாக்டர் நிற்கிறார்.

இங்கிலாந்துக் கதையையும் பார்த்துவிடுவோம். அங்கே தேசிய சுகாதார சேவை தருகிற வைத்தியம் இலவசம், உள்ளாட்சி தருகிற சமூகப் பராமரிப்புக்கு வருமானம் பார்த்துக் கட்டணம். அதனால் ‘படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பது வைத்தியமா, வெறும் ஒத்தாசையா?’ என்பது அங்கே பெரிய வழக்கு. சாலை விபத்தில் கைகால் செயலிழந்த பமேலா காஃலன் என்ற பெண் தொடுத்த வழக்கில், முதன்மையாக உடல்நலத் தேவை இருக்கிறவரின் பராமரிப்பை உள்ளாட்சியின் தலையில் தள்ளிவிட முடியாது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மனநலச் சட்டப்படி கட்டாயமாக வைத்துச் சிகிச்சை தரப்பட்டவர்களுக்கு, வெளியே வந்தபிறகும் இலவசப் பின்பராமரிப்பு தரவேண்டும் என்பது அங்கே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 117ஆம் பிரிவு. சுகாதாரத் துறை தரவேண்டிய பணத்தை வாங்கித்தர, சமூகப் பணியாளர்களுக்கு உதவியாகத் தனிக் குழுக்களையே உள்ளாட்சிகள் வைத்திருக்கின்றன. அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்லவரவில்லை. இழுபறி அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே சண்டை இரண்டு அரசுப் பைகளுக்கு நடுவில். இங்கே இரண்டு பையும் மூடியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு சுருக்குப்பை இருக்கிறது, அளத்துக் கூலி போட்டு வைத்த பை. எல்லாச் செலவும் அதிலிருந்துதான்.

மனசு உடைந்தவர்கள் கதை இன்னும் மோசம். 2001 ஆகஸ்ட் 6. இதே கடற்கரையில் வடக்கே ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். காப்பகக்காரனைக் கைது பண்ணினார்கள், காப்பகங்களை மூடினார்கள். ‘பெற்றவர்களே இப்படிக் கொண்டுவந்து விட்டுப் போவார்களா?’ என்று பத்திரிகைகள் கேட்டன. ஒரு அம்மா தன் பிள்ளையைச் சங்கிலிக்கு ஒப்புக்கொடுக்கிற நிலைமைக்கு எப்படி வந்தாள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ராத்திரி முழுக்கக் கத்துகிற பிள்ளையோடு தனியாகக் கிடந்தவளுக்கு யார் ஒத்தாசைக்கு வந்தார்கள்?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. 18ஆம் பிரிவு இடைநிலை இல்லங்களையும் வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவையையும் உரிமையாக்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்கிறது. 19ஆம் பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை. 98ஆம் பிரிவு, வெளியே அனுப்பும் முன் நோயாளியோடும் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடும் கலந்து பேசித் திட்டமிட வேண்டும் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேசியவர் யார்?

இனி நேரடியாகச் சாதிக்கு வருகிறேன். இது எல்லா ஏழைக்கும் உள்ள பிரச்சினைதானே, இதில் சாதியை ஏன் கொண்டுவருகிறாய் என்று சில ‘முற்போக்கு’ நண்பர்கள் கேட்பார்கள். மலம், மூத்திரம், சீழ், ரத்தம் - இதைத் தொடுகிற வேலையைச் சாதி ஒரு பக்கமும், இதைப் பற்றிய அறிவை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. இன்றும் ஆஸ்பத்திரி வார்டைக் கழுவுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், மருந்துச் சீட்டு எழுதுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பாருங்கள். பராமரிப்பு வேலைக்கு மதிப்பில்லாமல் போனது தற்செயல் அல்ல. தொடுகிற கைக்கு மதிப்பில்லாததால்தான் அந்த வேலைக்குச் சம்பளமுமில்லை, பயிற்சியுமில்லை. தலித் தன்னார்வலர் ஆதிக்கசாதித் தெருவுக்குப் போனால் முற்றத்திலேயே நின்று பிரசர் பார்க்கச் சொல்லும் ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். காலனிக்கு வரவேண்டியவர் ரோட்டு முனையில் நின்று, மாத்திரையை வாங்கிப்போக ஆள் அனுப்பச் சொல்கிற ஊரையும் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் ரோட்டு முனைக்கு எப்படி வருவான்?

அடுத்தது வன்கொடுமை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து நொறுக்கிய சாமான்களுக்குக் கணக்கெடுத்தார்கள். அன்றைக்கு உறைந்துபோன மனசுகளுக்குக் கணக்கு எடுத்தார்களா? 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். செத்தவர் எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். குண்டு பாய்ந்த காலோடும் கையோடும் வாழ்கிறவர்களின் எண்ணிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பரீட்சைக்குப் போன பையனின் விரல்களை வெட்டினார்கள். விரலை டாக்டர்கள் ஒட்ட வைத்தார்கள். ஒட்டிய விரலை மடக்க, பேனா பிடிக்க, மறுபடி அதே பஸ்ஸில் பயமில்லாமல் ஏற, எத்தனை மாதம், யார் துணை?

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தப்படி முழு ஊனத்துக்கு 8,25,000 ரூபாய். சாக்கடையில் இறங்கி நிரந்தர ஊனமானவருக்குக் குறைந்தது 20 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போராடி வாங்க வேண்டிய தொகைகள்தான். ஆனால் பணம் ஆளைத் திருப்பிப் போடாது. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு ‘சமூகப் பொருளாதார மறுவாழ்வு’ என்றே சொல்கிறது. அந்த வார்த்தைக்கு ஊழியர் வேண்டும், பணம் வேண்டும், பொறுப்பாளி வேண்டும். தாசில்தார் கையில் கொடுக்கிற செக்கும் மறுநாள் பேப்பரில் வருகிற போட்டோவும் மறுவாழ்வு ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அவர் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீடு பற்றி அதார்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம். அடிபட்ட உழைப்பாளியின் உடம்பு முதலாளியின் கருணைக்கு உரியதல்ல, உரிமைக்கு உரியது என்ற இடம் அது. ஆனால் பருவகாலத் தொழிற்சாலைகளை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. கங்காணி பேருக்கு வேலை செய்து, பதிவேட்டில் பேரே இல்லாத அளத்துத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மழைக்கால மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு கொடுக்க ஆரம்பித்தது சங்கங்கள் கேட்டு வாங்கியது. அதே மாதிரி இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

என்ன கேட்பது? நான் வைப்பது ஐந்து.

ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டோடு, வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பது தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். ஆள் வீடு வந்து சேரும் முன்னே அதன் நகல் துணை சுகாதார நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். மனநோய்க்குச் சட்டம் சொல்வதை உடைந்த முதுகெலும்புக்கும் செய்.

இரண்டு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து மாவட்டக் குழு: புண் கட்டத் தெரிந்த நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், மனநல நர்ஸ், சட்டம் தெரிந்த சமூகப் பணியாளர். தன்னார்வலர் போன் போட்டால் எடுக்க ஒரு எண். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தன்னார்வலரோடு சேர்ந்து வீட்டுக்குப் போவது கட்டாயம்.

மூன்று. குழாய், மூத்திரப் பை, மெத்தை, கட்டுத்துணி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக. கடும் ஊனமுற்றோருக்கு 2023 முதல் தருகிற மாதம் 2,000 ரூபாய் சோற்றுக்குத்தான் காணும். சுகாதார நிதியிலிருந்து எடு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல் திட்டச் சட்டம் 2024இல் வந்திருக்கிறதே, அதிலிருந்தும் எடு.

நான்கு. தன்னார்வலர் என்ற பேரை எடு. பணியாளர் என்று சொல், சம்பளம் கொடு, பயிற்சி கொடு. வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கும் இழந்த கூலிக்கு ஈடு கொடு.

ஐந்து. வன்கொடுமைத் தடுப்பு விதி 17இன்படி, கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழிப்பு கண்காணிப்புக் குழு கூடியாக வேண்டும். ‘எத்தனை வழக்கு, எவ்வளவு நிவாரணம்’ என்பதோடு, ‘அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார், இந்த மூன்று மாதத்தில் யார் போய்ப் பார்த்தார்கள்?’ என்ற கேள்வியும் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும்.

ஐந்தாவதை நாளைக்கே தொடங்கலாம். அந்தக் குழுவில் உட்காருகிற நம் பிரதிநிதிகள் பட்டியலோடு போகட்டும். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர், எப்போது டிஸ்சார்ஜ் ஆனார்கள், கடைசியாக எந்த ஊழியர் எப்போது வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நர்சிங், பிசியோதெரபி, சமூகப்பணி படிக்கிற நம் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்கு வரும்போது அந்த நோட்டைக் கையில் எடுக்கட்டும். புண்ணின் நிறத்தைப் பார்த்து ஆபத்தைச் சொல்லும் அறிவு நகரத்துக் கட்டடத்துக்குள் பூட்டிக்கிடக்க வேண்டியதில்லை.

செத்தவர்களுக்கு நாம் நினைவு நாள் எடுக்கிறோம், எடுக்க வேண்டும். ஆனால் பிழைத்தவர்கள் நம் காலனியிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்களைத் திருப்பிப் போடுகிற கைகளுக்குக் கூலியும், அறிவும், துணையும் வாங்கித்தருவது விடுதலை அரசியலுக்கு வெளியே உள்ள தருமகாரியம் அல்ல. அதுவும் நம் உரிமைப் போராட்டம்தான்.